யாருக்காக வாளை உருவுவது? ‘வே ஆஃப் த சாமுராய்’ ஆடத் தொடங்குகிறவர்களுக்கு

ஒரு மலைப்பாதை, அதில் ஒரு பாலம். நீங்கள் நடந்து வருகிறீர்கள், எதிரே சில அடியாட்கள் ஓர் இளம்பெண்ணைக் கடத்திக்கொண்டு வருகிறார்கள். அவள் யார் என்று தெரியாது, இவர்கள் யாருடைய ஆட்கள் என்றும் தெரியாது, இந்த ஊருக்கே இப்போதுதான் வருகிறீர்கள். இடுப்பில் வாள் இருக்கிறது. தடுக்கலாம். நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கி வழிவிடலாம். அதுவும் வேண்டாம் என்றால் இந்தப் பக்கம் திரும்பியே பார்க்காமல் ஊரை விட்டே நடந்துவிடலாம், கேம் அதையும் ஒரு முடிவாக ஏற்றுக்கொண்டு முடிந்துவிடும். தொடங்கி சில நிமிடங்கள்கூட ஆகியிருக்காது.

இப்படித்தான் ‘வே ஆஃப் த சாமுராய்’ தொடரின் முதல் பாகம் ஆரம்பிக்கிறது. 2002 பிப்ரவரியில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 என்ற கேம் கருவிக்கு வந்தது. உருவாக்கியது அக்வயர் என்ற நிறுவனம். 1998-இல் நிழலில் பதுங்கிக் கொல்லும் நிஞ்ஜா கேமான ‘டென்ச்சு’வைச் செய்தவர்களும் இவர்கள்தான். அதற்குப் பிறகு இன்னும் மூன்று முக்கியப் பாகங்களும் சில கிளைப் படைப்புகளும் வந்தன. பெரிய விளம்பரத்தோடு வந்த தொடர் கிடையாது, கிராபிக்ஸும் அந்தந்தக் காலத்துக்கே சுமார்தான். ஆனாலும் ‘நீ எடுக்கும் முடிவு கதையை மாற்றும்’ என்று அட்டையில் போட்டுக்கொண்டு வரும் கேம்கள் எத்தனையோ ஆடிப் பார்த்துவிட்டேன், அந்த வார்த்தையை இந்தத் தொடர் அளவுக்குக் காப்பாற்றியது எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சரியான மனநிலையில் உட்காராவிட்டால் முதல் ஒரு மணி நேரத்திலேயே ‘என்ன கேம் இது’ என்று மூடி வைத்துவிட வாய்ப்பு இருக்கிறது.

முதலில் கிளைக்கதை என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். வழக்கமான கேமில் கதை ஒரு தண்டவாளம் மாதிரி. நீங்கள் நன்றாக ஆடினாலும் மோசமாக ஆடினாலும் அடுத்த ஸ்டேஷன் அதேதான். கிளைக்கதை கேம்களில் நடுநடுவே ஒரு கேள்வி வரும், இரண்டு மூன்று பதில்கள் இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுப்பீர்கள். பல கேம்களில் இந்தக் கிளைகள் கொஞ்ச தூரம் தனித்தனியாகப் போய்விட்டு மறுபடியும் பழைய தண்டவாளத்திலேயே வந்து சேர்ந்துவிடும். வசனம் இரண்டு மாறும், யாராவது ஒருவர் உங்களை முறைப்பார், கடைசியில் அதே வில்லனோடு அதே இடத்தில் அதே சண்டை. ஆடுகிறவர்களுக்கு இது சீக்கிரம் புரிந்துவிடும், புரிந்ததும் தேர்வுகள் மேல் இருக்கும் பயம் போய்விடும்.

இந்தத் தொடர் வேறு மாதிரி வேலை செய்கிறது. இங்கே தேர்வு என்பது மூன்று விதம். ஒன்று, வழக்கம்போல ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது. இரண்டாவது, கையால் செய்வது: ஒருவரை வெட்டினால் அவர் செத்துவிடுவார், கதைக்கு முக்கியமானவராக இருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான், அவர் இல்லாமலேயே கதை மேலே போகும். மூன்றாவது விதம்தான் புதிதாக வருகிறவர்களைக் குழப்புவது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. நீங்கள் எங்கே, எப்போது நிற்கிறீர்கள் என்பதே ஒரு தேர்வு.

கொஞ்சம் விளக்குகிறேன். கேம் நடக்கும் இடம் சின்னது. ஒரு ஊர், பக்கத்தில் ஒரு காடோ மலையோ, ஒரு பெரிய வீடு, ஒரு கோட்டை, அவ்வளவுதான், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிடலாம். ஆனால் அந்தச் சின்ன இடத்தில் இரண்டு மூன்று கோஷ்டிகள் ஒன்றை ஒன்று கவிழ்க்கத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும், அந்தத் திட்டங்கள் உங்களுக்காகக் காத்திருக்காது. சாயங்காலம் ஊர்க்கோடியில் ஒரு பேச்சுவார்த்தை நடக்க வேண்டும் என்றால் அது நடக்கும். நீங்கள் அங்கே இருந்தால் அதில் ஒரு ஆளாகிவிடுவீர்கள், இல்லாவிட்டால் அது உங்கள் காதுக்கே வராமல் முடிந்துபோகும், மறுநாள் காலையில் ஊரில் நிலவரம் ஏன் மாறியிருக்கிறது என்று உங்களுக்குப் புரியாது. திருவிழாவில் ஒரே நேரத்தில் மூன்று தெருவில் மூன்று கூத்து நடந்தால் எப்படியோ அப்படி. ஒரு தெருவில் நின்றால் மற்ற இரண்டும் போச்சு. எதைப் பார்க்கவில்லையோ அதைப் பார்க்கத் திரும்ப முதலிலிருந்து ஆட வேண்டும்.

திரும்ப முதலிலிருந்தா என்று பயப்பட வேண்டாம். ஒரு ஆட்டம் என்பது 50 மணி நேரம் இல்லை. முதல் பாகத்தின் கதை மொத்தம் இரண்டே நாட்களில் நடக்கிறது, உங்கள் கடிகாரத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். இரண்டாம் பாகத்தில் பத்து நாள், நான்காம் பாகத்தில் ஐந்து நாள். ஒரு மாலையில் உட்கார்ந்து ஒரு வாழ்க்கையை வாழ்ந்து முடித்துவிட்டு, அடுத்த மாலை அதே ஊருக்குள் வேறு ஆளாக நுழைவது, இதுதான் இந்தத் தொடரை ஆடும் முறை. முதல் பாகத்துக்கு 6 எண்டிங், மூன்றாம் பாகத்துக்கு 20-க்கும் மேல், நான்காம் பாகத்துக்கு 10. இந்த எண்களைக் கேட்டதும் எல்லாவற்றையும் வரிசையாக முடிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் மனசில் ஓடும். அதை ஒதுக்கி வையுங்கள். முதல் மூன்று நான்கு ஆட்டத்துக்காவது இணையத்தில் வழிகாட்டி எதையும் தேடாதீர்கள், தேடினால் இந்தக் கேமில் இருக்கும் ஒரே புதையலை நீங்களே தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சரி, ஏன் சாமுராய்? வேறு எந்த வேடத்திலும் இதே அமைப்பைச் செய்திருக்கலாமே என்று தோன்றலாம். இதற்குப் பதில் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘சபுராவு’ என்ற பழைய ஜப்பானிய வினைச்சொல்லிலிருந்து வந்தது சாமுராய், ஒருவர் அருகில் இருந்து பணி செய்வது என்று பொருள். அதாவது சாமுராய் என்றாலே இன்னொருவருக்குச் சேவகம் செய்கிறவன். தலைவன் இல்லாத சாமுராய்க்கு ரோனின் என்று பெயர். தலைவன் செத்துப்போனதாலோ, குலம் அழிந்துபோனதாலோ, துரத்தப்பட்டதாலோ ஊர் ஊராகத் திரிகிறவன். நான்கு பாகங்களிலும் நீங்கள் இப்படி யாருக்கும் சொந்தமில்லாமல் திரிந்து வருகிற ஆள்தான். உங்கள் ஆளுக்கு ஒரு பழைய கதை, பழிவாங்க வேண்டிய பகை, தேட வேண்டிய தங்கை என்று எதுவும் எழுதித் தரப்படவில்லை. யாருக்குச் சேவகம் செய்வது என்பதுதான் முழுக் கேள்வி, அதற்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்களோ அதுதான் கதை. யாருக்கும் இல்லை என்பதும் ஒரு பதில்.

முதல் பாகம் எந்த ஆண்டில் நடக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் அழுத்தமாகப் புரியும். ஆண்டு 1878. அதற்குப் பத்து வருடத்துக்கு முன்னால், 1868-இல், ஷோகுன் என்ற ராணுவத் தலைவரின் ஆட்சி போய் மெய்ஜி பேரரசர் பெயரில் புதிய அரசு வந்தது. பழைய குலங்களின் ஆட்சிப் பகுதிகள் கலைக்கப்பட்டன, சாமுராய்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த மானியம் நின்றது. 1876-இல் பொது இடத்தில் வாள் அணியக் கூடாது என்று சட்டமே போட்டார்கள், ராணுவம் போலீஸ் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 1877-இல் தென்மேற்கு ஜப்பானின் சட்சுமாவில் சைகோ தகமோரி தலைமையில் சாமுராய்கள் எழுந்தார்கள், புதிய அரசின் கட்டாய ராணுவம், அதாவது விவசாயி வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துத் துப்பாக்கி கொடுத்துப் பழக்கிய படை, அவர்களை முறியடித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சைகோ இறந்தார். அடுத்த வருடம்தான் நம் ஆள் இடுப்பில் வாளோடு அந்தப் பாலத்துக்கு வருகிறான். அவன் இடுப்பில் இருப்பதே சட்டப்படி அங்கே இருக்கக்கூடாத பொருள். இதைத் தெரிந்துகொண்டு ஆடினால் ஊருக்குள் துப்பாக்கியோடு வரும் அரசுப் படையைப் பார்க்கும்போது வயிற்றில் ஒரு கனம் இறங்கும்.

அந்த ஊரின் பெயர் ரொக்கோட்சு கணவாய், ஆறு எலும்பு என்று அர்த்தம் வரும். கற்பனை இடம்தான். அங்கே குரோ என்று ஒரு பழைய குடும்பம், பெருமைக்கு மட்டும் குறைவில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கிறது. எதிரே அகாதாமா கூட்டம், புதிய அரசை வெறுப்பவர்கள். அங்கே ஓர் இரும்பு உலைக்கூடம் இருக்கிறது, எல்லோருக்கும் கண் அதன் மேல்தான், அரசுக்கும். நடுவில் மாட்டிக்கொண்டு சாதாரண ஊர்மக்கள் கொஞ்சம் பேர். எந்தக் கோஷ்டியும் முழு நல்லவர்கள் கிடையாது, முழு கெட்டவர்களும் கிடையாது. ஒரு ஆட்டத்தில் உங்களோடு தோளோடு தோள் நின்றவனை அடுத்த ஆட்டத்தில் எதிரியாகச் சந்திப்பீர்கள், அவன் எதற்காகச் சண்டை போடுகிறான் என்று உங்களுக்கு ஏற்கனவே தெரியும், அவனுக்கு உங்களைத் தெரியாது. அந்த நிமிடத்தில் வாளை உருவக் கை வராது. கட்சீன் என்று சொல்லும், கேம் நடுவே படம்போல ஓடும் காட்சி எதுவும் எனக்கு இந்த உணர்வைத் தந்ததில்லை, ஏனென்றால் இது எழுதி வைத்த சோகம் இல்லை, நானே இரண்டு வாழ்க்கை வாழ்ந்ததால் வந்தது.

இப்போது வாள் சண்டைக்கு வருவோம், புதிதாக வருகிறவர்கள் அடி வாங்குவது இங்கேதான். பட்டனை மாற்றி மாற்றி அழுத்தி வெட்டிக்கொண்டே போனால் முதல் இரண்டு அடியாட்கள் விழுவார்கள், மூன்றாவது ஆள் உங்களை முடித்துவிடுவான். இதில் வாளுக்கும் ஓர் உயிர் இருக்கிறது. எதிரியின் வெட்டை நீங்கள் தடுக்கும் ஒவ்வொரு தடவையும் உங்கள் வாளுக்கு அழுத்தம் ஏறுகிறது, திரையில் ஓர் அளவுகோலாகத் தெரியும். அது நிரம்பி வழிந்தால் வாளின் உறுதியில் ஒரு படி குறையும். படி எல்லாம் தீர்ந்தால் வாள் உடைந்துவிடும், உடைந்தது உடைந்ததுதான். ஆகவே தடுத்துக்கொண்டே நிற்பது பாதுகாப்பு இல்லை, அது வாளைச் செலவு செய்வது.

பின்னே என்ன செய்வது? எதிரி தடுத்து நிற்கும்போது அவனைத் தள்ளலாம், இல்லை இழுக்கலாம். அவன் முன்னால் பாரத்தைப் போட்டு நிற்கிறானா பின்னால் சாய்ந்து நிற்கிறானா என்று பார்த்துச் சரியாகச் செய்தால் அவன் நிலை தடுமாறுவான், அந்த ஒரு நொடி உங்களுடையது. இதைவிடக் கூர்மையானது ‘அவாசே’. ஜப்பானிய மொழியில் பொருத்துவது, இணைவது என்று பொருள். எதிரியின் வெட்டு உங்கள் மேல் விழப்போகும் அந்தக் கணத்தில் சரியாக ஒத்து அசைந்தால் அவன் வாள் விலகி நீங்கள் அவன் திறந்த பக்கத்தில் நிற்பீர்கள். கேட்க எளிது, கைக்கு வர நாளாகும்.

ஒரு சண்டையை அருகிலிருந்து சொல்கிறேன். எதிரில் ஒருவன் வாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நிற்கிறான். மேலே பிடித்தவனின் வெட்டு கனமாக வரும், ஆனால் கிளம்ப ஒரு கண நேரம் அதிகம் பிடிக்கும். நீங்கள் உடனே பாய வேண்டாம். ஒரு வெட்டைத் தடுத்து அவன் எத்தனை வெட்டு தொடர்ந்து போடுகிறான் என்று எண்ணுங்கள். இரண்டு போட்டுவிட்டு மூன்றாவதற்கு முன் அரை மூச்சு நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தடவை முதலிரண்டையும் பின்னால் நகர்ந்து விடுங்கள், வாளில் வாள் படவே வேண்டாம், மூன்றாவது கிளம்பும் அந்த நொடியில் மட்டும் அவாசே. ஒரே வெட்டில் முடிந்துவிடும். நல்ல ஆட்டக்காரர்கள் இதில் ஆடுவதைப் பார்த்தால் வாள்கள் மோதும் சத்தமே அதிகம் கேட்காது. ஐந்து பேர் சுற்றி நின்றால் இந்தக் கணக்கெல்லாம் தப்பும், அப்போது ஓடுவதில் எந்த வெட்கமும் இல்லை, சுவரோ வண்டியோ பக்கத்தில் இருந்தால் அதை முதுகுக்குக் கொடுத்து ஒருவர் ஒருவராக வரவிடுங்கள்.

ஒவ்வொரு வாளுக்கும் ஒரு நிலை உண்டு, மேலே பிடிப்பது, நடுவில் பிடிப்பது, தாழ்த்திப் பிடிப்பது, ஒற்றைக் கையில் பிடிப்பது என்று. அதே வாளால் சண்டை போடப் போட அந்த வாளுக்குள் இருக்கும் வித்தைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். அப்படிப் பழகிய வாளைக் கொண்டுபோய் உலையில் தீட்டி வலுவாக்கலாம், கொல்லர் டோஜிமா என்ற பெயர் இந்தத் தொடரில் திரும்பத் திரும்ப வரும், அவரிடம் காசைக் கொட்டுவது உங்களுக்கு ஒரு பழக்கமாகிவிடும். முதல் பாகத்தில் ஒரே நேரத்தில் மூன்று வாள் மட்டும் சுமக்க முடியும். உயிரோடு கதையை முடித்தால் அவை உங்கள் பெட்டிக்குப் போய்ச் சேரும், அடுத்த ஆட்டத்துக்கு எடுத்து வரலாம். நடுவில் செத்தால் கையில் இருந்தவை போய்விடும்.

இதுதான் தேர்வுகளுக்குப் பல் கொடுக்கிறது. பல மணி நேரம் தீட்டிய வாள் கையில் இருக்கும்போது அநியாயம் ஒன்று கண்முன் நடக்கிறது, எதிரே பத்துப் பேர். தலையிட்டால் கதை சுவையாக மாறும், செத்தால் வாள் போய்விடும். விலகி நடந்தால் வாள் பத்திரம். மற்ற கேம்களில் ‘நல்லவனாக இருப்பது’ இலவசம், தப்பாகப் போனால் முன்பு சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி ஆடிக்கொள்ளலாம். இங்கே அதற்கு விலை இருக்கிறது, அந்த விலையை நீங்கள் உழைத்துச் சேர்த்ததிலிருந்து கொடுக்க வேண்டும். வாளையும் கதையையும் இப்படி ஒரே முடிச்சில் கட்டியதுதான் இதைச் செய்தவர்களின் கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைக்கிறேன். வாள் இழந்தால் மனசு உடையும், உண்மைதான். எனக்கும் இரண்டு மூன்று நல்ல வாள்கள் அப்படிப் போயிருக்கின்றன, எதையுமே மறக்கவில்லை, ஒன்று போனது யாரென்றே தெரியாத ஒரு கிழவரைக் காப்பாற்றப்போய். அந்த ஆட்டம்தான் இன்றும் முழுசாக ஞாபகத்தில் இருப்பது.

எந்தப் பாகத்திலிருந்து தொடங்குவது? ஒரு பாகத்தின் கதைக்கும் இன்னொன்றின் கதைக்கும் நேரடித் தொடர்ச்சி இல்லை, இடம் வேறு, காலம் வேறு, ஆட்கள் வேறு. வரிசையாக ஆட வேண்டியதில்லை. என் பதில், மூன்றாம் பாகம். 2008-இல் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது, அப்புறம் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும், 2016-இல் கணினிக்கும் வந்தது. கணினியில் ஆட வசதி இருக்கிறவர்கள் கன்ட்ரோலர் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது, கீபோர்டில் இந்தச் சண்டை கைக்கு ஒத்துவராது.

மூன்றாம் பாகம் நடப்பது சென்கோகு காலம், ஜப்பான் முழுக்கக் குலங்கள் ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டிருந்த 15, 16-ஆம் நூற்றாண்டுகள். ஒரு போர் முடிந்த களத்தில் காயத்தோடு கிடக்கும் சாமுராயை இரண்டு கிராமத்தார் பார்க்கிறார்கள், அங்கே தொடங்குகிறது. இடம் அமனா என்ற கற்பனை நாடு. அதை முன்பு ஆண்டது சகுராய் குலம். அவர்களிடம் சேவகம் செய்த ஃபுஜிமோரி ஷுசென் எஜமானரையே வீழ்த்திவிட்டு இப்போது ஆள்கிறார். சகுராய் குலத்தில் மிஞ்சியவர்கள் ஓகா என்ற பெயரில் ஒளிந்து திரண்டு பழிவாங்கத் துடிக்கிறார்கள். நடுவில் தகதானே கிராமம், விதைப்பதும் அறுப்பதுமாக இருக்கும் மக்கள், இரண்டு பக்கத்துக்கும் நெல் கொடுத்தே தேய்கிறவர்கள். சேவகன் எஜமானரை வெட்டுவது, எஜமானர் போன பிறகும் சேவகர்கள் விசுவாசத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது, யார் ஆண்டாலும் சோறு கிடைத்தால் போதும் என்று உழுகிறவர்கள். யாருக்குச் சேவகம் என்ற அதே கேள்வியை மூன்று பக்கமாகத் திருப்பிக் காட்டுகிறார்கள்.

இந்தப் பாகத்தில்தான் தொடரின் மிக அழகான யோசனை இருக்கிறது. ஒரு கட்சீன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே, நீங்கள் குறுக்கிடலாம். இரண்டு வழி. ஒன்று, வாளை உருவுவது. இன்னொன்று, ‘டொகேசா’. மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்து மன்னிப்புக் கேட்பது, நம் பேச்சில் சொன்னால் காலில் விழுவது. எதிரி உங்களை மிரட்டுகிறான், பேச்சு ஓடுகிறது, பட்டனை அழுத்துகிறீர்கள், உங்கள் ஆள் சட்டென்று மண்ணில் விழுந்து நெற்றியைப் புதைக்கிறான். எதிரில் நின்றவன் திகைத்துப் போய்ப் பேச்சை நிறுத்துகிறான். சில சமயம் விட்டுவிடுவான், சில சமயம் அது அவனுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும். சண்டை நடுவிலும் விழலாம், உங்களால் கோபப்பட்ட ஊர்க்காரர்களிடமும் விழலாம்.

பார்க்க முதலில் விநோதமாக இருக்கும். கொஞ்ச நேரம் ஆடிய பிறகு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். ஒரு சண்டை கேமில் எதிரியைச் சமாளிக்க வழக்கமாக ஒரே வழிதான், வெல்வது. இங்கே பணிவதும் ஒரு நகர்வு, அதுவும் எப்போது வேண்டுமானாலும். கேள்வி வரும், பதில் வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, எந்த வாக்கியத்தின் நடுவில் வேண்டுமானாலும் உங்கள் கை பட்டனில் இருக்கிறது. அதனால் எதிரே பேசுகிறவர்களை நீங்கள் உண்மையிலேயே கவனித்துக் கேட்கத் தொடங்குவீர்கள். இப்போது உருவினால் என்ன ஆகும், இப்போது விழுந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வரிக்கும் மனசு ஓடும்.

இதோடு சேர்த்து வாளின் முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பிடிக்கும் வசதி இருக்கிறது. அப்படி அடித்தால் எதிரி மயங்கி விழுவான், சாக மாட்டான். முதல் ஆட்டத்தை முழுக்க முதுகுப் பக்கத்தாலேயே ஆடிப் பாருங்கள் என்று சொல்வேன். ஆட்களைக் கொல்லாமல் விட்டால் அதிகம் பேர் கதையில் மிஞ்சுவார்கள், அதிகம் பேர் மிஞ்சினால் அதிகம் சம்பவங்களைப் பார்ப்பீர்கள். அலகு, கைக்காப்பு, பிடி என்று தனித்தனி உறுப்புகளைச் சேர்த்து உங்களுக்கென்று ஒரு வாளைச் செய்துகொள்ளவும் முடியும், அதெல்லாம் இரண்டாம் மூன்றாம் ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் ஆட்டத்துக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு கோஷ்டியில் முழுசாக நின்று கடைசி வரை போங்கள். எல்லோருக்கும் நல்லவனாக இருந்து எல்லாக் கதையையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம் என்று அங்குமிங்கும் ஓடினால் பெரும்பாலும் எதுவும் முழுசாகக் கிடைக்காது, நீங்கள் போய்ச் சேரும்போது எல்லா இடத்திலும் பேச்சு முடிந்திருக்கும். ஒரு பக்கம் நின்று முடித்த பிறகு அடுத்த ஆட்டத்தில் எதிர்ப்பக்கம். மூன்றாவது ஆட்டத்தில்தான் இரண்டு பக்கமும் தெரிந்த ஆளாக நடுவில் நடக்க முடியும், அப்போது கிடைக்கும் வழிகள் வேறு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நீங்கள் நடந்துகொண்ட விதத்துக்கு மதிப்பெண் வரும், அதில் புது உடைகளும் வசதிகளும் திறக்கும். மோசமாகச் செத்தாலும் ஏதோ ஒன்று சேரும், அந்த ஆட்டம் வீண் இல்லை.

மூன்றாவது பிடித்துவிட்டால் நான்காம் பாகம். 2011-இல் ஜப்பானில் வந்தது, கணினிக்கு 2015-இல். காலம் 1853-இல் அமெரிக்கக் கறுப்புக் கப்பல்கள் வந்து ஜப்பானின் கதவைத் தட்டியதற்குப் பின்னால். அமிஹாமா என்ற கற்பனைத் துறைமுகத்தில் பிரிட்டிஷார் வந்து இறங்குகிறார்கள், ஷோகுனின் அரசு ஒரு பக்கம், அந்நியரைத் துரத்தத் துடிக்கும் ‘பிரஜ்ஞையின் சீடர்கள்’ ஒரு பக்கம். நாள் பகல், மாலை, இரவு என்று பிரிந்து கிடக்கிறது, எந்த நேரத்தில் எங்கே என்ற கணக்கு இதில் கூர்மை. தொனி கொஞ்சம் கோமாளித்தனம், சண்டைகளும் வேஷங்களும் நாடகம் மாதிரி. இரவில் பெண்கள் வீட்டுக்குள் பதுங்கி நுழையும் ஒரு துணை ஆட்டத்தைச் சேர்த்திருக்கிறார்கள், எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை, தொடாமலேயே கதையை முடிக்கலாம். மொத்தத் தொடருமே வயது வந்தவர்களுக்கானது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது போட வேண்டாம்.

2020-இல் வந்த ‘கட்டானா காமி’யை இந்தத் தொடரின் பெயரைப் பார்த்து முதலில் வாங்கிவிடாதீர்கள். மோசமான கேம் இல்லை, ஆனால் வகை வேறு. ரொக்கோட்சு கணவாய்க்கே திரும்புகிறோம், கடனுக்காகக் கொல்லர் டோஜிமாவின் மகளைத் தூக்கிப் போய்விட்டார்கள், நாம் உலையில் வேலை பார்த்து வாள் செய்து விற்று, இரவில் பாதாளக் குகைகளில் இறங்கிப் பொருள் சேர்த்து அந்தக் கடனை அடைக்க வேண்டும். மேலிருந்து பார்க்கும் கோணம். சாவகாசமாக ஆட நன்றாகவே இருக்கும், கிளைக்கதைக்காக வந்தவர்களுக்குப் பசி தீராது. 2005-இல் வந்த ‘சாமுராய் வெஸ்டர்ன்’ என்று ஒன்றும் உண்டு, அமெரிக்க மேற்குப் பகுதியில் துப்பாக்கிக்காரர்கள் நடுவே ஒரு சாமுராய், முழுக்க முழுக்கச் சண்டை.

பழைய இரண்டு பாகங்களுக்கும் பிளேஸ்டேஷன் 2 வேண்டும். இரண்டுக்கும் பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்கான பதிப்பும் வந்தது, ஜப்பானில் மட்டும். மூன்றையும் நான்கையும் ஆடி முடித்தவர்களுக்கு எங்காவது பழைய டிஸ்க் கிடைத்தால் இரண்டாம் பாகத்தைத் தவறவிடாதீர்கள். 2003-இல் வந்தது. அமஹரா என்ற ஊர், அவோட்டோ என்ற ரவுடிக் கும்பல், எதிரே நீதிபதியின் அலுவலகம், நடுவில் ஊர்மக்கள், அமைப்பு அதேதான். நம் ஆள் பசியில் சுருண்டு விழுந்து கிடக்கும்போது வாய் பேச முடியாத ஒரு சின்னப் பெண், சாயோ என்று பெயர், சோற்று உருண்டை ஒன்றை நீட்டுகிறாள். பத்து நாள் கதை முழுக்க அந்த உருண்டைக்கு என்ன பதில் செய்தீர்கள் என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. நான் முதல் ஆட்டத்தில் கும்பலோடு சேர்ந்து நன்றாகச் சம்பாதித்தேன், நல்ல வாள் கிடைத்தது. அடுத்த ஆட்டத்தில் மறுபடியும் அதே தெருவில் விழுந்து கிடந்தேன், அவள் மறுபடியும் அதே உருண்டையைக் கொண்டுவந்து நீட்டினாள்.